ட்ரெண்டோடு போனால் நீண்ட காலத்தில் என்ன மிஞ்சும்? – வாசகர் கேள்வி பதில்

விலை ஏறத் தொடங்கியதும் வாங்கி, ஏற்றம் நிற்கும்வரை வைத்திருந்து, இறங்கத் தொடங்கினால் விற்றுவிட்டு வெளியே நிற்பதுதான் ‘ட்ரெண்ட் ஃபாலோயிங்’. போன இதழில் இதைப் பற்றி எழுதியதற்கு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்துதான் நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நூறு வருஷமாக இந்த முறை லாபம் தந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நூறு வருஷக் கணக்கை யார் வைத்திருந்தார்கள் சார்? அதை நம்பலாமா?
– பள்ளி ஆசிரியர், அரூர்

நல்ல சந்தேகம். அமெரிக்காவின் ஏ.க்யூ.ஆர் நிறுவனத்தைச் சேர்ந்த ஹர்ஸ்ட், ஊய், பெடர்சன் என்ற மூன்று பேர், கோதுமை, பருத்தி, தங்கம், கடன் பத்திரம், கரன்சி, பங்குக் குறியீடு என 67 சந்தைகளின் பழைய விலைகளைத் திரட்டி, 1880 வரைக்கும் பின்னால் போய்க் கணக்குப் போட்டார்கள். கடந்த 1 மாதம், 3 மாதம், 12 மாதம் விலை ஏறியிருந்தால் வாங்கு, இறங்கியிருந்தால் விற்றுவை (கையில் இல்லாமலே முதலில் விற்று, விலை இறங்கிய பிறகு வாங்கி ஈடுகட்டுவது), இவ்வளவுதான் விதி. இரண்டு உலகப் போர், 1930களின் பெருமந்தம், 1970களின் விலைவாசி உயர்வு எல்லாம் அந்தக் காலத்துக்குள் வருகின்றன. செலவையும் ஃபண்ட் கட்டணத்தையும் கழித்த பிறகும் ஒவ்வொரு பத்தாண்டிலும் சராசரியாக லாபம்தான் வந்திருக்கிறது.

ஆனால் இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, இது பழைய விலையை வைத்துப் பின்னாளில் போட்ட கணக்கு, 1920-ல் யாரும் இந்த விதிப்படி 67 சந்தையில் பணம் போட்டு உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டாவது, கணக்குப் போட்ட நிறுவனமே இந்த வகை ஃபண்டுகளை விற்கிற நிறுவனம். அதற்காக ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை, மதிக்கத்தக்க ஆய்வுதான், ஆனால் யார் சொன்னார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

நிஜப் பணத்தின் கணக்கு வேண்டுமென்றால், பெரிய ட்ரெண்ட் ஃபண்டுகளைத் தொகுத்து பிரான்சின் சொசியேட்டே ஜெனரல் வங்கி வெளியிடும் குறியீடு இருக்கிறது, அது 2000-லிருந்து கிடைக்கிறது. 2008-ல் உலகப் பங்குச் சந்தைகள் நொறுங்கியபோது அது 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2022-ல் பங்கும் கடன் பத்திரமும் சேர்ந்தே விழுந்த வருஷத்திலும் 20 சதவீதத்துக்கு மேல். நடுவில்? 2011, 2012, 2016, 2018 எல்லாம் நஷ்டம். அந்த நடுவில் வந்த வருஷங்களில்தான் ஆட்கள் மனசு வெறுத்து வெளியே போனார்கள், பணத்தை எடுத்தவர்களில் பலர் 2022-ல் உள்ளே இல்லை. முறை தோற்றதால் இழந்தவர்களைவிட, காத்திருக்க முடியாமல் இழந்தவர்களே அதிகம் என்பது என் கருத்து.

வெளிநாட்டுக் கதை எல்லாம் சரி. நம்ம நிஃப்டியில் இதைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண்ணோடு சொல்லுங்கள்.
– மருந்துக்கடை உரிமையாளர், காவேரிப்பட்டினம்

சொல்கிறேன். நிஃப்டி என்பது தேசியப் பங்குச் சந்தையின் 50 பெரிய கம்பெனிகளின் விலைக் குறியீடு. மிக எளிய விதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மாதக் கடைசி நாளில் மட்டும் பாருங்கள். கடைசி 10 மாத முடிவு விலைகளைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் வரும் சராசரிக்கு மேலே நிஃப்டி இருந்தால் உள்ளே, கீழே இருந்தால் வெளியே. நோட்டும் கால்குலேட்டரும் போதும்.

2008 ஜனவரியில் நிஃப்டி 6,350-ஐத் தொட்டது. விதி அங்கே விற்கச் சொல்லவில்லை. ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் இன்னும் சராசரிக்கு மேல்தான், மார்ச் கடைசியில்தான் கீழே வந்தது, அப்போது நிஃப்டி 4,730. உச்சத்திலிருந்து கால்வாசி போய்விட்டது, அந்த நேரத்தில் விற்பவனுக்கு வயிறு எரியும். ஆனால் அக்டோபரில் 2,250 வரை போனபோது அவன் வெளியே நின்றான். திரும்ப வாங்கச் சொன்னது 2009 ஏப்ரல் கடைசியில், 3,470-ல். உச்சியில் விற்கவும் இல்லை, அடியில் வாங்கவும் இல்லை, இருந்தும் விற்ற விலையைவிட 1,200 புள்ளிக்கு மேல் குறைவாக வாங்கிவிட்டான்.

இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்கு விளம்பரம் செய்தவன் ஆகிவிடுவேன். அடுத்ததையும் பாருங்கள். 2019 ஜூலை கடைசியில் அதே விதி 11,120-ல் விற்கச் சொன்னது. செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு கம்பெனி வரியைக் குறைத்தது, ஒரே நாளில் நிஃப்டி 5 சதவீதத்துக்கு மேல் எகிறியது. மாதக் கடைசியில் 11,470-ல் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று, 350 புள்ளி வீண். 2020 பிப்ரவரி கடைசியில் 11,200-ல் விற்று, கொரோனா வீழ்ச்சி 7,511 வரை போய் மீண்ட பிறகு, ஜூலை கடைசியில் 11,070-ல் வாங்கியிருப்பீர்கள். நடுவில் அவ்வளவு பெரிய சரிவைத் தவிர்த்தும் கையில் மிஞ்சியது ஒரு சதவீதம். நிம்மதியாகத் தூங்கியது மட்டும்தான் அந்தத் தடவை லாபம்.

ஒரே ஒரு குறியீட்டில், வாங்கும் பக்கம் மட்டும் செய்தால் இப்படித்தான் இருக்கும். இழுத்துக்கொண்டே போகிற 2008 மாதிரி சரிவில் பெரிதும் காப்பாற்றும், சட்டென்று விழுந்து சட்டென்று எழுந்தால் பெரிதாக ஒன்றும் தராது, பக்கவாட்டில் ஆடினால் கையைக் கடிக்கும். நீண்ட காலக் கணக்கில் வரும் அந்த நல்ல எண்கள் எல்லாம் பல சந்தைகளில், ஏறினாலும் இறங்கினாலும் விளையாடியதால் வந்தவை. 2024-ல் கோகோ விலை டன்னுக்கு 12,000 டாலர் தாண்டியது, ட்ரெண்ட் ஃபண்டுகளுக்கு அந்த வருஷம் கை கொடுத்தவற்றில் அதுவும் ஒன்று. நிஃப்டி மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது கிடைத்திருக்காது. நம்மூரிலிருந்து வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் மார்ஜின் (முன்பணம்) கட்டி ஃப்யூச்சர்ஸ் (பின்னாள் தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) ஆட, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ் விதியும் இடம் தருவதில்லை. ஆக 67 சந்தை நமக்கு எட்டாது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் தக்காளி போடுகிறவன். விலை ஏறுகிறது என்று எல்லோரும் தக்காளி நட்டு, பறிக்கும்போது விலை சரிந்து, ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்ததை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். ஏறுகிற விலைக்குப் பின்னால் ஓடுவது அங்கே மட்டும் எப்படிச் சரியாகும்?
– விவசாயி, பாலக்கோடு

இந்தத் தடவை வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான் அண்ணே. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, அதைப் பார்த்து நட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வித்தியாசம் வெளியேறுகிற வழியில் இருக்கிறது. நாற்று நட்டால் முதல் பறிப்புக்கே இரண்டு மாசத்துக்கு மேல். நடுவில் விலை சரிவது கண்ணுக்குத் தெரிந்தாலும் நட்டதைப் பிடுங்கி விற்க முடியாது, உரம், மருந்து, குச்சி கட்டுவது, ஆள் கூலி எல்லாம் போட்டுத்தான் ஆக வேண்டும். அதோடு, விலையைப் பார்த்து எல்லோரும் நடுவதே வரத்தை அதிகமாக்கி விலையை உடைக்கிறது. சந்தையில் ஒரு பங்கையோ ஃப்யூச்சர்ஸையோ வாங்கியவர் தப்பு என்று தெரிந்த மறுநாளே சின்ன நஷ்டத்தோடு வெளியே வரலாம். ட்ரெண்ட் முறையின் உயிரே அந்தச் சின்ன நஷ்டத்தில்தான் இருக்கிறது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது. கூட்டம் அதிகமானால் லாபம் மெலியும் என்பது இங்கேயும் பேசப்படுகிற விஷயம்தான். 2008-க்குப் பிறகு இந்த ஃபண்டுகளில் பணம் கொட்டியது, அடுத்து வந்த வருஷங்கள் வறண்டன. கூட்டம்தான் காரணமா, மத்திய வங்கிகள் வட்டியை அடிமட்டத்தில் பிடித்துவைத்ததால் பெரிய ட்ரெண்டே வரவில்லையா என்று இரண்டு பக்கமும் வாதம் உண்டு. 2022-ல் வட்டி வேகமாக ஏறியதும் லாபம் திரும்பியதால், எனக்கு இரண்டாவது காரணம்தான் வலுவாகத் தெரிகிறது.

பத்து ட்ரேடில் எத்தனை ஜெயிக்கும்?
– கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி

பெரும்பாலும் மூன்று, நான்கு. ஆறு ட்ரேடில் தலா 1,000 ரூபாய் போச்சு என்று வையுங்கள், 6,000 நஷ்டம். மூன்றில் தலா 1,000 வந்தது. ஒன்றில் மட்டும் 8,000. மொத்தத்தில் 5,000 லாபம். அந்த ஒன்றை மட்டும், காய்ச்சல் என்றோ பயந்தோ எடுக்காமல் விட்டிருந்தால் 3,000 நஷ்டம். எது அந்த ஒன்று என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதனால் பத்தையும் எடுக்க வேண்டும். 2,000 லாபம் வந்ததும் எடுத்துவிடுகிற பழக்கம் இருந்தால் இந்த முறை உங்களுக்கு ஒத்துவராது.

ஓசூரில் ஃபேக்டரியில் வேலை. டெலிகிராம் குரூப் ஒன்றில் ‘ட்ரெண்ட் கால்’ பார்த்து ஆப்ஷன் வாங்குகிறேன். ஒரு வருஷத்தில் மூன்று லட்சம் போய்விட்டது. ட்ரெண்ட் முறை நீண்ட காலத்தில் ஜெயிக்கும் என்றால் தொடர்ந்து செய்யலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

வேண்டாம் தம்பி. இன்றைக்கே நிறுத்துங்கள். நீங்கள் செய்வதற்கும் மேலே சொன்னதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. மாதக்கணக்கில் நீளும் விலைப் போக்குக்குத்தான் நூறு வருஷக் கணக்கு இருக்கிறது. ஆப்ஷன் என்பது குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம், அதற்கு நீங்கள் கொடுக்கும் விலைதான் பிரீமியம். ஒரு வாரத்தில் காலாவதியாகும் ஆப்ஷனில் நேரம் போகப் போக அந்த பிரீமியம் கரையும், போக்கைச் சரியாகப் பிடித்தாலும் தாமதமானால் பணம் போகும். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்தில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்) செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே கணக்குக் காட்டியிருக்கிறது. உங்கள் மூன்று லட்சம் அந்தக் கூட்டத்தில் ஒரு துளி, உங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. விட்டதைப் பிடிக்கக் கடன் வாங்காதீர்கள். வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

டீமேட் கணக்கில் நிஃப்டி இ.டி.எஃப் வைத்து 10 மாதச் சராசரி விதியை நானே செய்து பார்க்க ஆசை. வரி எவ்வளவு போகும்?
– தையல் கடை நடத்துபவர், ஊத்தங்கரை

தாராளமாகச் செய்யுங்கள் அம்மா, சேமிப்பில் ஒரு சின்னப் பகுதியில் மட்டும். (நிஃப்டி இ.டி.எஃப் என்றால் நிஃப்டியை அப்படியே பின்தொடரும், பங்கைப் போல வாங்கி விற்கக்கூடிய ஃபண்ட்.) 2024 ஜூலை 23 முதல், வாங்கி ஒரு வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. ஒரு வருஷம் தாண்டினால், நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேல் உள்ள நீண்ட கால லாபத்துக்கு 12.5 சதவீதம். விதி சீக்கிரமாக விற்கச் சொல்லும் வருஷங்களில் முதல் கணக்குதான் வரும், அதனால் சும்மா வாங்கி வைத்திருப்பவரைவிட உங்களுக்கு வரி கூடுதலாக விழும். நஷ்டத்தில் விற்றதை வருமான வரி ரிட்டர்னில் தவறாமல் காட்டுங்கள், 8 வருஷம் வரை பின்னால் இப்படி விற்று வரும் லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.