கேள்வி – பதில்: விறாந்தை மூலையில் ஒரு வகுப்பறை

கேள்வி: எங்களுடையது இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் உள்ள சிறிய வீடு. தரம் 3இல் படிக்கும் மகளுக்குச் சத்திரசிகிச்சை நடந்திருப்பதால், சில மாதங்களுக்கு வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும்படி வைத்தியர் கூறியுள்ளார். வகுப்பாசிரியரும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். நான்கு வயதுத் தம்பியும் கூடவே இருப்பான். இப்போதே கொப்பிகள் கட்டிலுக்கு அடியிலும் பென்சில்கள் குசினியிலும் கிடக்கின்றன. தனி அறை ஒதுக்க வழியில்லாத நான் எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: சகோதரி, இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதால், வைத்தியரின் கடிதத்தை அதிபரிடம் கொடுத்து, மகளின் பெயர் இடாப்பில் தொடர்ந்து இருப்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் வீட்டுக்குள் தீர்க்கக்கூடியவை.

தனி அறை இல்லையே என்று வருந்தவேண்டியதில்லை. மேசை, மின்விளக்கு, அலுமாரி என்று எல்லாம் வைத்து அறை ஒதுக்கிய வீடுகளிலும், பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா மீன் வெட்டும் இடத்துக்கு வந்து குந்தியிருப்பதைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். படிக்கும் இடம் மாறலாம். ஆனால் எடுத்த பொருள் திரும்பிப் போகும் இடம் மாறக்கூடாது, அந்த இடம் பிள்ளையின் கைக்கு எட்டவும் வேண்டும். நீங்கள் முழங்காலிட்டு இருந்து கையை நீட்டிப் பாருங்கள். எட்டாத தட்டில் நீங்கள் எவ்வளவு அழகாக அடுக்கினாலும், எடுத்துத் தருவதும் திருப்பி வைப்பதும் கடைசிவரை உங்கள் வேலையாகவே இருக்கும்.

உங்கள் விறாந்தை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுதவில்லை. திருகோணமலையில் அது முக்கியமான கேள்வி. ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்றோடு வரும் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். வைகாசிக்குப் பிறகு வீசும் கச்சான் தென்மேற்கிலிருந்து வெக்கையையும் புழுதியையும் கொண்டுவந்து, பாரம் வைக்காத தாள்களை எல்லாம் முற்றத்தில் பறக்கவிடும். எனவே ஒரு மூலையைத் தெரிந்தெடுத்துப் பாரமான மேசையை அங்கே நிரந்தரமாகப் போடுவதைவிட, நீங்களும் மகளுமாகத் தூக்கி மாற்றக்கூடிய சிறு மேசையும், சுவரில் மாட்டிய பைகளும் போதும் என்பது என் எண்ணம்.

பைகள் என்றால் கடையில் வாங்கவேண்டாம். பழைய சாறித் துணியில் ஐந்து பைகள் தைத்து, தமிழ், கணிதம், சுற்றாடல்சார் செயற்பாடுகள், சமயம், ஆங்கிலம் என்று பாடத்துக்கு ஒன்றாக உள்சுவரில் வரிசையாக மாட்டுங்கள். மழை நனைக்கும் வெளிச்சுவர் வேண்டாம். பாடநூல், செயல் நூல், கொப்பி மூன்றும் ஒரே பைக்குள் இருந்தால், கணிதம் தொடங்கும்போது கணிதப் பையை மட்டும் கழற்றி, முடிந்ததும் அதே ஆணியில் கொழுவிவிடலாம். வகுப்பாசிரியர் அனுப்பும் பயிற்சித் தாள்களையும் அந்தந்தப் பைக்குள்ளேயே போடுங்கள். தனிக் கோப்பு ஒன்று தொடங்கினால் அது மூன்றாம் வாரமே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

பென்சிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு பென்சிலை வெளியே வைத்தால் ஆறும் முனை முறிந்து கிடக்கும். இரண்டை வைத்தால் இரண்டும் கூராக இருக்கும். இரண்டு பென்சில், ஓர் அழிறப்பர், ஒரு கட்டர், ஓர் அடிமட்டம் ஆகியவற்றை ஒரு பால்மா ரின்னில் போட்டு மேசையில் வையுங்கள். மிச்சம் எல்லாம் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும்.

தம்பிக்கும் ஒரு பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் அவன் அக்காவின் பெட்டியில்தான் கை வைப்பான். பனையோலைப் பெட்டி ஒன்றில் பெரிய வர்ணக் கட்டிகள், எழுதி முடித்த கொப்பிகளின் வெறும் பக்கங்கள், துணித் துண்டுகள் என்று போட்டு, அக்கா படிக்கும் நேரத்தில் மட்டும் திறந்து கொடுங்கள். எண்ணிப் பழகப் புளியங்கொட்டையும் மஞ்சாடியும் அருமையானவை என்றாலும், நான்கு வயதுக்காரருக்கு அவை மூக்குக்குள் போகும் அளவானவை என்பதால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். சோகி, சிப்பி வேண்டுமானால் உப்புவெளிக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடப்பதில் ஒரு பிடி போதும். புறாத்தீவிலிருந்து ஒன்றையும் எடுத்துவரவேண்டாம். அது 2003 முதல் தேசியப் பூங்கா.

சுவரில் ஒட்டுவதற்கு ஒன்றே ஒன்று சொல்வதானால் இலங்கைப் படத்தைச் சொல்வேன். அதை உங்கள் கண் உயரத்தில் ஒட்டாமல் மகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். மத்திய மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்து நம்முடைய கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியை அவள் விரலால் தொடர்ந்து வரட்டும். எங்கள் வீட்டுப் படத்தில் திருகோணமலை இருந்த இடம், பிள்ளைகளின் விரல் பட்டுப் பட்டு எழுத்து அழிந்து வெள்ளையாகிவிட்டது. அதனால் ஒருவருக்கும் நட்டம் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு மாரியிலும் பிள்ளைகளின் புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்கிறது, இராமபாணப் பூச்சியும் அரிக்கிறது. கவராயம், கத்தரிக்கோல் எல்லாம் துருவேறிவிடுகின்றன. பூச்சி உருண்டை போடலாமா?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: பிள்ளைகள் புழங்கும் இடத்தில் பூச்சி உருண்டை வேண்டாம். அது சின்னவர்களின் கண்ணுக்கு இனிப்புப் போலவே தெரியும், விழுங்கினால் நஞ்சு.

பூஞ்சணத்துக்குக் காரணம் ஈரமும் காற்றோட்டமின்மையும். றாக்கையைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு, கரையானுக்காகவும் நில ஈரத்துக்காகவும் அடித்தட்டை நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காமல், ஒன்றை இழுத்தால் மற்றது கூட வராத அளவு தளர்வாக நிறுத்துங்கள். மழை விட்டு வெயில் எறிக்கும் நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நேர் வெயிலில் போடாமல் நிழலில் விரித்து உலர்த்துங்கள். அரசாங்கம் இலவசமாகத் தரும் பாடநூல்கள் பல அடுத்த வருடம் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகவேண்டியவை என்பதால் அவற்றில் முதலில் கவனம் வையுங்கள். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து றாக்கையில் போடுவது எங்கள் பாட்டிமார் செய்தது, நானும் செய்கிறேன். பச்சை இலை போட்டால் அதுவே ஈரத்தைக் கொண்டுவரும்.

கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இராது. கவராயத்தையும் கத்தரிக்கோலையும் பாவித்த பின் உலர்ந்த துணியால் துடைத்து, மூட்டில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு, மூடி இறுகும் பிஸ்கட் ரின்னில் வையுங்கள். தேங்காயெண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுத்து, கடைசியில் கொப்பியில் கறையாகும். ஒருமுறை அனுபவித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேள்வி: பேரன் தரம் 1. என்னிடம்தான் பிற்பகலில் படிக்கிறான், இடக்கையால் எழுதுகிறான். அவனுக்கு மேசை கதிரை புதிதாக வாங்கவேண்டுமா, பாயில் இருந்து எழுதலாமா?
– ஓர் அம்மப்பா, பாலையூற்று

பதில்: ஐயா, வாசிப்பதற்குப் பாய் தாராளமாகப் போதும். எழுதுவதற்கு மட்டும், சம்மணமிட்டு இருக்கும்போது முழங்கை உயரத்துக்கு வரும் ஒரு தாழ்ந்த பலகை வேண்டும். வீட்டுக் கதிரையில் இருத்துவதானால் கால் அந்தரத்தில் தொங்காதபடி அடியில் ஒரு மரப்பெட்டியை வையுங்கள். வலக்கையால் எழுதுபவருக்கு யன்னல் இடப்பக்கம் இருக்கவேண்டும்; உங்கள் பேரனுக்கு அது வலப்பக்கம் வரும்படி பலகையைத் திருப்பிப் போட்டால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. கையை மாற்றச் சொல்லாதீர்கள்.