வைட்பாடி கிட்டை வார இறுதியில் நாமே மாட்டிவிட முடியுமா?

கேள்வி: பழைய ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்று வாங்கியிருக்கிறேன். ஊட்டிப் பக்கம் வீடு. வைட்பாடி கிட் வரவழைத்து, ஒரு வார இறுதியில் நானே மாட்டிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

"ஒரு வார இறுதியில்" என்று படித்ததும் கையிலிருந்த பட்டித் தகட்டைக் கீழே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், அரவேனு பக்கம், டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். தகரம் தட்ட ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. இதில் வைட்பாடி கிட், அதாவது சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டை (ஃபெண்டர்) அறுத்து அகலமான ஃபைபர் வளைவுகளை (ஃபிளேர்) மாட்டும் செட், மாட்டியது ஒரே ஒரு வண்டிக்கு. அந்த ஒன்று 11 வாரம் இழுத்தது. "ஒன்று மாட்டியவனெல்லாம் ஆலோசனை சொல்ல வந்துவிட்டானா" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். நான் வேலையைப் பற்றி எழுதுவதைவிட அதில் நான் சொதப்பியதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதற்கு ஒன்று போதும்.

உங்களை நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் ஒரு மாதிரி தெரியும். மூன்றாவது ஓனராக வாங்கியிருப்பீர்கள். வீட்டில் பாதி விலைதான் சொல்லியிருப்பீர்கள். ஜப்பானில் அகிரா நகாய் என்பவர் போர்ஷேயின் ஃபெண்டரைக் கூசாமல் அறுக்கும் வீடியோவை இருபது தடவை பார்த்திருப்பீர்கள். என்னிடம் வந்த தம்பியும் அப்படித்தான் வந்தார். ஊர் இங்கே ஒரு ஹட்டி (படுகர் கிராமம்), வேலை பெங்களூரில். வண்டி நிசான் 370இசட். 3.7 லிட்டர் வி6, பின்சக்கர டிரைவ். நம் நாட்டில் எங்கோ ஒன்று இரண்டுதான் கண்ணில் படும். அதன்மேல் கிரைண்டரை வைக்க எனக்குப் பயம். தம்பிக்கு அது துளியும் இல்லை.

"அண்ணா, ஃபிளேரை வச்சு போல்ட்டு முறுக்கறதுதானே?"

இந்த ஒரு வரிதான் எல்லாருக்கும் உள்ள தவறான எண்ணம். வெளியே தெரிகிற போல்ட்டைப் பார்த்து அதுதான் வேலை என்று நினைக்கிறார்கள். போல்ட் வேலை அரை நாள். அதற்குக் கீழே இருக்கிற தகடுதான் மீதி பத்து வாரம்.

கிட் கட்டில் அகலப் பெட்டியில் வந்தது. ஒரிஜினல் இல்லை, ஜப்பான் கிட்டைப் பார்த்து அச்செடுத்த ஃபைபர் நகல். தரையில் வைத்து அளந்தால், பின்பக்க ஃபிளேரில் இடதுக்கும் வலதுக்கும் 8 மி.மீ. வித்தியாசம். விற்றவரிடம் கேட்டதற்கு "ஃபிட்டரிடம் கொடுத்தால் பார்த்துக்கொள்வார்" என்றார். அந்த ஃபிட்டர் நான்தான் என்று அவருக்குச் சொல்லவில்லை.

சமவெளியில் என்றால் நெளிந்த ஃபைபரை மத்தியான வெயிலில் போட்டு, கனம் ஏற்றிவைத்தால் கொஞ்சம் நேராகும். இங்கே ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது? ஹீட் கன்னோடு மல்லுக்கட்டினேன். குறைவாக இருந்த இடத்தில் கண்ணாடி இழை மேட்டும் (விரிப்பு) ரெசின் பசையும் போட்டு வளர்த்தேன். அங்கேதான் மலைக் குளிர் தன் வேலையைக் காட்டியது. ரெசின் 20, 25 டிகிரியில் ஒழுங்காக இறுகும். என் பட்டறையில் காலையில் 15 இருந்தால் அதிகம். இரண்டு நாள் கழித்துத் தொட்டாலும் விரலில் ஒட்டியது. ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் சீக்கிரம் இறுகும்தான், ஆனால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். முதல் குழியிலேயே விரிசல் விடும். 2 சதவீதத்தைத் தாண்டாதீர்கள், இடத்தைச் சூடாக்குங்கள். விளக்கு வைத்துச் சூடாக்கினால் தள்ளி வையுங்கள், கதவைத் திறந்துவிடுங்கள், ரெசின் ஆவி தீப்பிடிக்கும். இன்னொன்று, ரெசினை வேகமாக இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்ட்னர். இதை எந்த வீடியோவிலும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன், நான் பார்த்ததில் சொல்லவில்லை.

சரி, வெட்டுக்கு வருகிறேன்.

முன்பக்க ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது. தப்பாக வெட்டினால் வேறு வாங்கலாம். பின்பக்கம் அப்படி இல்லை. அங்கே இருக்கும் தகடு, குவார்ட்டர் பேனல், பாடியோடு வெல்டு ஆனது, இரண்டு தோல் கொண்டது. வெளியே நாம் பார்க்கும் தகடு, உள்ளே டயரை மூடியிருக்கும் தகடு, இரண்டும் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பில் சேர்ந்திருக்கும். வளைவை அறுத்தால் அந்தச் சேர்க்கையையே அறுக்கிறீர்கள். உள்தகட்டைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, வெளித்தகட்டோடு மடித்துத் தட்டி, திரும்ப வெல்டு வைத்து, சீலர் போட்டு, துருவைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமர் அடித்தால்தான் பாடி மறுபடி மூடியதாக அர்த்தம்.

நான் செய்த முதல் தப்பு, வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது கோடு போட்டது. சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிளேரை வைத்து, உள்ளே பென்சிலால் வரைந்து, அதற்கு 20 மி.மீ. உள்ளே அறுத்தேன். பார்க்க அழகாக இருந்தது. செய்ய வேண்டியது என்னவென்றால், ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, புது வீலும் டயரும் மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை அதன் கடைசி மேல் எல்லை வரை தள்ளி, அங்கே டயர் எங்கே வருகிறது என்று பார்த்துத்தான் கோடு போட வேண்டும். எனக்கு இது தெரியாதா? தெரியும். அவசரம். தம்பியின் லீவு முடியப்போகிறது என்று அவசரம்.

முதல் ஓட்டத்துக்கு நானும் தம்பியும் ஏறினோம். நேர்ச்சாலையில் ஒன்றுமில்லை. இடதுபக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசியில் பாரம் மொத்தமும் வலது பின்சக்கரத்தில் இறங்கியது. "கர்ர்" என்று ஒரு சத்தம், ரப்பர் வாடை. இறங்கிப் பார்த்தால் நான் அறுத்த விளிம்பு, மழுக்காத கத்தி, புது டயரின் தோளை ஒரு சாண் நீளத்துக்குச் சீவி எடுத்திருந்தது. பக்கவாட்டில் பட்ட வெட்டுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. டயர் குப்பைக்கு. பணம் என் கூலியிலிருந்து. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஸ்டெப்னியும் இல்லாமல் நடந்து பட்டறைக்குத் திரும்பினால், வாசலில் ஒரு டூரிஸ்ட் வண்டி, முன்சக்கரத்திலிருந்து புகை. இதைச் சொல்லாமல் விட முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறவிட்டு, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுகிறார்கள். இரண்டாவது கியரில் இறங்கு என்று போர்டு வைத்திருக்கிறது. யார் படிக்கிறார்கள்? ஊட்டியிலிருந்து பிரேக்கில் கால் வைத்தபடியே வந்து, என் வாசலில் நிறுத்தி, "ஒரு பக்கெட் தண்ணி கொடுங்க, சக்கரத்துல ஊத்தணும்" என்பார்கள். பழுக்கக் காய்ந்த டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அரை மணி நேரம் சும்மா நிறுத்துங்கள் என்றால், "தண்ணி கூடக் கொடுக்க மாட்டேங்கறாங்க" என்று கூகுளில் ஒரு ஸ்டார். என் பட்டறைக்கு இருக்கிற ஏழு ரிவ்யூவில் மூன்று தண்ணீர் கொடுக்காததற்காக. அன்றைக்கும் ஒன்று விழுந்தது.

இரண்டாவது தப்பு ஐப்பசியில்தான் வெளியே வந்தது. எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். நான் வலதுபக்கம் மறுபடி அறுத்தபோது, உள்தகட்டை வெல்டு வைக்காமல் கீற்றுகளை மடித்து, பியூ சீலன்ட்டை (பாலியூரித்தேன் பசை) பூசி மூடியிருந்தேன். டயர் வாரியடிக்கும் தண்ணீருக்கு முன்னால் அது எத்தனை நாள் தாங்கும்? தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்தார். "அண்ணா, டிக்கியில மீன் வளர்க்கலாம் போல இருக்கு." கார்பெட் ஊறிப் பூஞ்சை பிடித்து, கூடவே அதே இடுக்கு வழியாகச் சைலன்சர் புகை வாடையும் உள்ளே. புகை வருகிறது என்றதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அது நாற்றத்தோடு நிற்கிற விஷயம் இல்லை, ஜன்னலை ஏற்றிக்கொண்டு ஓட்டினால் ஆளையே சாய்த்துவிடும். வண்டியை வரவழைத்து, ஃபிளேர் இரண்டையும் கழற்றி, எல்லாவற்றையும் சுரண்டி, முழுக்க வெல்டு வைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. கழற்றியபோது போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் துரு ஆரம்பித்திருந்தது. மூன்று மாதத்தில்! மூடுபனி போதும் அதற்கு. ஃபிளேருக்கும் பாடிக்கும் நடுவில் ஈரம் உட்கார்ந்தால் காயவே காயாது. ஆகவே ஓட்டை போட்ட உடனே பிரைமர், ரிவ்நட் (தகட்டு ஓட்டையில் பொருத்தும் நட்டு), ஸ்டெயின்லெஸ் போல்ட், விளிம்பில் ரப்பர் பீடிங், உள்ளே மெழுகு ஸ்பிரே. ஒன்றையும் விடாதீர்கள்.

வீல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைப் போடாமல்தான் நிறையப் பேர் கிட் வாங்குகிறார்கள். அந்த வண்டிக்கு 19 அங்குல வீலில் பின்பக்கம் 10 அங்குல அகலம், ஈடி 30 (வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது போல்ட்டில் உட்காரும் ஹப் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பது ஈடி). அதாவது ஹப் முகத்திலிருந்து வெளிவிளிம்பு 127இல் 30 போக 97 மி.மீ. நாங்கள் போட்டது 11 அங்குலம், ஈடி 0. சுமார் 140. ஆக 43 மி.மீ. வெளியே வருகிறது, 50 மி.மீ. ஃபிளேருக்குள் சரியாக உட்காரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சக்கரத்தின் நடுக்கோடு 30 மி.மீ. வெளியே போய்விட்டது, அந்த 30உம் வீல் பேரிங்குக்கு நெம்புகோல். எட்டாவது மாதம் பின் பேரிங் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. வண்டியின் அகலமும் 1,845இலிருந்து 1,945 மி.மீ. ஆனது. எதிரே அரசு பஸ் வந்தால் அந்தப் பத்து சென்டிமீட்டரின் அருமை புரியும்.

இப்போது சட்டம். கீழே கமெண்டில் வரப்போகிறவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் மாற்றினால் கிளெய்மும் போகலாம். தம்பி "கோவை கரி ஸ்பீட்வே டிராக்குல ஓட்டறதுக்கு மட்டும்தாண்ணா" என்று எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கி டிராயரில் வைத்துக்கொண்டேன். கோத்தகிரியிலிருந்து செட்டிப்பாளையத்துக்கு வண்டி பறந்தா போகும் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதை நியாயப்படுத்த வரவில்லை.

உங்கள் கேள்விக்கு: வெட்டாமல், பழைய வீலோடு, ஒட்டுகிற ஃபெண்டர் லிப் (விளிம்புப் பட்டை) என்றால் வார இறுதி போதும். வெட்டுகிற கிட் என்றால் பங்குனி, சித்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காற்று காய்ந்திருக்கும், பெயின்ட் வெளுக்காது. முன்பக்கத்தை நீங்கள் செய்யுங்கள், பின்பக்கத்தை வெல்டு தெரிந்தவரிடம் கொடுங்கள். கோடு போட்ட பிறகு, அறுப்பதற்கு முன், ஒரு படம் இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம்.

தம்பி போன மாதம் வண்டியை விற்கப் பார்த்தார். வந்தவர் பழையபடி மாற்றித் தர முடியுமா என்று கேட்டாராம். "அண்ணா, அன்னிக்கு அறுத்த துண்டு ரெண்டையும் வச்சிருக்கீங்களா?" என்று போன். இடதுபக்கத் துண்டு சுவரில் தொங்குகிறது. வலதுபக்கத் துண்டை என் வீட்டம்மா கோழிக்கூண்டுக் கதவுக்குக் கைப்பிடியாக அடித்திருக்கிறார். இன்னும் தம்பிக்குச் சொல்லவில்லை.