வீரர்களின் நம்பிக்கை

கேள்வி: சென்னையில் ராணுவ அதிகாரிப் பயிற்சியை முடித்த என் மகன், வயதிலும் அனுபவத்திலும் மூத்த வீரர்களுக்குத் தலைமை ஏற்கப்போகிறான். அவர்களுடைய நம்பிக்கையை எப்படிப் பெறுவது?
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, 1932-இல் டேராடூன் ராணுவ அகாடமியைத் தொடங்கிவைத்த தளபதி செட்வுட், நாட்டின் நலன் முதலிலும், வீரர்களின் நலன் அடுத்தும், அதிகாரியின் சொந்தச் சுகம் எப்போதும் கடைசியிலும் வர வேண்டும் என்றார். இரண்டாம் உலகப்போரின்போது பர்மாப் போரில் முன்னணி வீரர்களின் உணவு பாதியாகக் குறைந்தபோது, பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் தம் தலைமையகத்தாருக்கும் அரைப்பங்கே என உத்தரவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த உத்தரவு அது.

நம் பக்கத்தில் கிணறு வெட்டும்போது, காலையில் வடக்கயிற்றைத் தானே இழுத்துப் பார்த்த பிறகே ஆளை இறக்கும் தோட்டத்துக்காரர் சொன்னால், ஆட்கள் மறுபேச்சின்றி இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெடுநடை முடிந்ததும் வீரரின் காலுறையைக் கழற்றச் சொல்லி, அருகில் குந்தி அமர்ந்து கொப்புளங்களைப் பார்க்கும் அதிகாரியும் அத்தகையவரே.

வீரராகச் சேர்ந்து அனுபவத்தால் உயர்ந்த சுபேதாரிடம் கேட்டுக் கற்பதைத் தாழ்வாக உங்கள் மகன் எண்ண வேண்டாம். தவறு நேர்ந்தால் மேலிடத்தில் பொறுப்பைத் தானே ஏற்கட்டும். முக்கியமாக, விடுப்பு விண்ணப்பங்களை மேசையில் தேங்கவிட வேண்டாம். ஊரில் தாய் நோயுற்றுக் கிடக்கும் வீரர் அந்த ஒரு கையெழுத்துக்காகவே காத்திருப்பார்.