முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தங்கச்சி

ஏழாம் மாதம், கணவர் தள்ளிவிட்டதில் வயிறு மேசையில் இடித்தது, நேற்றிலிருந்து குழந்தையின் அசைவு குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை பிறந்தால் மாறிவிடுவார் என்று மாமியார் சொல்வதை நம்பலாமா என்றும் கேட்கிறீர்கள்.

அந்தக் கேள்வி அப்புறம். இப்போதே கிளம்புங்கள், தேவைப்பட்டால் 108ஐ அழையுங்கள். வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி (பிளசென்டா) கர்ப்பப்பையிலிருந்து பிரிந்துவிடலாம். ரத்தம் உள்ளேயே தேங்கினால் வெளியில் ஒரு சொட்டுகூடத் தெரியாது. வயிறு கல் மாதிரி இறுகுவதும் விடாத வலியும் அதன் அடையாளங்கள். அசைவு குறைந்ததே போவதற்குப் போதுமான காரணம்.

டாக்டரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொன்னால்தான் சரியாகப் பார்ப்பார்கள், அது பதிவாகவும் இருக்கும்.

மாமியார் சொல்வதை நான் நம்பவில்லை. கர்ப்பத்திலேயே கை நீட்டுகிறவர் பிரசவத்துக்குப் பிறகு நிறுத்துவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை, அம்மா.

181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பேசியதும் அழைப்புப் பதிவை அழித்துவிடுங்கள். "வீட்டை விட்டுப் போ" என்று மிரட்டுவதாகச் சொன்னீர்களே, 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, வீடு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். இலவச வக்கீலும் கிடைப்பார்.

ஆதார், செக்கப் நோட்டு, கொஞ்சம் பணம், இவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.