‘லே ஷெத்தியோன்’ ஷாம்பெயினுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? லேபிளில் உள்ள ‘ஆர்.எம்.’ என்ன?

ஆர்.எம். என்றால், சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் தானே ஒயின் செய்து விற்பவர். வெளியில் 5 சதவீதம் வரைதான் வாங்கலாம். பலரிடம் கொள்முதல் செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு ‘என்.எம்.’ என்ற குறி. இவற்றை மிகப் பொடியாக அச்சிட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

லே ஷெத்தியோனைச் செய்யும் பியேர் பேத்தர்ஸ் குடும்பம் பிரான்சின் லெ மெனில்-சூர்-ஓஜே கிராமத்தில் இருக்கிறது. லே ஷெத்தியோன் அந்த ஊர் நிலப்பகுதி ஒன்றின் பெயர். திராட்சை முழுக்க ஷார்டனே என்ற வெள்ளை வகை. அடிநிலம் வெண்சுண்ணாம்பு என்பதால் புளிப்பு கூர்மையாக நிற்கும். இளசாகத் திறந்தால் எலுமிச்சை மாதிரி வெட்டும்; பத்து வருடம் போனால் வறுத்த பாதாம் வாசனை வரும். அவசரப்படுபவர்களுக்கு இது வீண்செலவு.

நுரை புட்டிக்குள்ளேயே உண்டாவது. ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடினால், இரண்டாம் நொதிப்பில் 6 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு) அளவுக்கு அழுத்தம் ஏறும். லேபிளில் அறுவடை ஆண்டு குறித்த ஷாம்பெயின் என்றால் 3 வருடமாவது கிடத்திவைத்த பிறகே விற்க முடியும்.

பனிக்கட்டித் தண்ணீரில் அரைமணி நேரம் வைத்து, 10 டிகிரிக்குக் குளிர்ந்ததும் திறங்கள். சூடான புட்டி பீறிட்டுப் பாதி கொட்டிவிடும். கார்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு புட்டியைத் திருகுங்கள். ஒல்லிக் கிளாஸ் வேண்டாம், அதில் வாசனை எழாது.