பழைய ரவுன்ஹவுஸில் குசினி திருத்தமுதல் பார்க்க வேண்டியவை

தங்கச்சி, ரொறன்ரோ ஸ்காபுறோவில் 1970களின் தொடக்கத்தில் கட்டின கொண்டோ ரவுன்ஹவுஸ் (பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய, பொதுச் சொத்தை ஒரு நிர்வாக சபை பார்க்கிற வீடு) ஒன்றை வாங்கியிருக்கிறோம், குசினிக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் நிற்கிற சுவரை எடுத்து ஒரே இடமாக்க வேண்டும், கபேட் எல்லாம் புதிதாகப் போட வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். வேலைக்குக் கேட்ட ஒருவர், "பேர்மிற் ஒன்றும் தேவையில்லை, காசாகத் தந்தால் வரி இல்லை" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு இன்னும் முற்பணம் குடுக்கவில்லை என்றால் குடுக்காதேங்கோ. கபேட் கடைக்கும் இப்போது போக வேண்டாம். இந்த வயது வீட்டில் முதலில் அறிய வேண்டியது இரண்டு: சுவர் யாருடையது, அதற்குள் என்ன இருக்கிறது.

கொண்டோவில் வீட்டுக்குள் இருக்கிற எல்லாமே உங்களுடையது இல்லை. வாங்கும்போது உங்கள் சட்டத்தரணி கொண்டோ நிர்வாகத்திடம் ஒரு நிலைச் சான்றிதழ் எடுத்திருப்பார். அதோடு வரும் பிரகடனத்தில், அதாவது கொண்டோவை அமைத்த பத்திரத்தில், உங்கள் யூனிற்றின் எல்லை எழுதியிருக்கும். பல இடங்களில் எல்லை சுவர்ப் பலகையோடு முடிந்துவிடும். பாரம் தாங்கும் சுவர், வெளிச்செங்கல், பக்கத்து வீட்டுக்கும் போகிற குழாய் எல்லாம் பொதுச் சொத்து. அவற்றில் கைவைக்க ஒன்ராறியோவின் 1998ஆம் ஆண்டு கொண்டோமினியச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி நிர்வாக சபையின் சம்மதமும் ஒப்பந்தமும் வேண்டும். அந்த ஒப்பந்தம் உங்கள் உறுதியில் பதியப்படும். கேளாமல் உடைத்தால், திரும்பப் பழையபடி கட்டச் சொல்ல அவர்களுக்கு வழியிருக்கிறது.

நடுச்சுவர் பாரம் தாங்குகிறதா என்று அறிய பேஸ்மென்றில் சீலிங் மூடாத இடம் இருந்தால் அங்கே நிமிர்ந்து பாருங்கோ. தளத்தைத் தாங்கும் மரச்சட்டங்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, அவற்றுக்குக் குறுக்காக, உங்கள் சுவருக்கு நேர் கீழே இரும்பு உத்தரமோ தூணோ இருக்கிறதா? இருந்தால் அந்தச் சுவர் மேல்மாடியைச் சுமக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கோ. முடிவு சொல்வது பொறியியலாளர். அவர் வரைபடம் தந்து, ரொறன்ரோ நகரசபை பேர்மிற் தந்த பிறகே சுத்தியல் எடுக்கலாம். கபேட் மாற்ற, பெயின்ற் அடிக்க, தரை போட பேர்மிற் தேவையில்லை. அந்த மனிதர் இதைத்தான் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டார் போல. பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரில் மட்டும் ஒரு மின்பெட்டி புதைக்கவும் விடாதேங்கோ. நெருப்பு ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குத் தாவாமல் தடுப்பது அதுதான்.

என்னைக் கேட்டால் சுவர் முழுவதையும் எடுக்கவே வேண்டாம். அகலமான ஒரு வாசல் திறந்தாலே பின்யன்னல் வெளிச்சம் முன்னுக்கு வரும். மிச்சச் சுவரில் கபேட்டும் நிற்கும், சமையல் மணமும் சோபாவரை போகாது. ஆனால் பாரச்சுவர் என்றால் இதற்கும் அதே வரைபடமும் பேர்மிற்றும் வேண்டும்.

இனி வயர். 1960களின் நடுப்பகுதியிலிருந்து 70களின் கடைசி வரை கட்டின வீடுகள் பலவற்றில் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி இழுத்திருக்கிறார்கள். கம்பி தன்பாட்டில் ஓடுகிற இடத்தில் பெரிய பயமில்லை, மூட்டுகளில்தான் ஆபத்து. அலுமினியம் சூட்டில் செம்பைவிடக் கூட விரிந்து சுருங்கும். திருகாணிக்குக் கீழே மெல்ல மெல்ல இளகும். மேலே படிகிற ஒட்சைட் மின்னைக் கடத்தாது. அதனால் மூட்டு சூடேறி, சுவருக்குள்ளேயே கருகத் தொடங்கலாம். குசினியில் கேத்தில், மைக்ரோவேவ் என்று கூடுதல் மின் இழுக்கிற சாமான்கள்தான் நிற்கின்றன. சுவர் திறந்திருக்கும்போதே குசினிக்குப் புதுச் செம்புக் கம்பி இழுத்துவிடுங்கோ. மற்ற அறைகளில் ஒவ்வொரு முனையிலும் அங்கீகரித்த இணைப்பியால் செம்புத் துண்டு சேர்க்கலாம். வீட்டுக் காப்புறுதிக்காரரும் இதைப் பற்றிக் கேட்பார்கள்.

மேசைத்தட்டுக்கு மேலே இருக்கிற பழைய பிளக்குகளில் மேல் துளை ஒரு சர்க்யூட், கீழ்த் துளை இன்னொன்று என்று பிரித்திருக்கலாம். அந்த நாள் முறை அது. இப்போது 20 அம்பியர் சர்க்யூட் போடுகிறார்கள், சிங்கிலிருந்து 1.5 மீற்றருக்குள் வரும் பிளக்குக்கு மின்கசிவைக் கண்டு உடனே நிறுத்தும் பாதுகாப்பு வேண்டும். இந்த வேலைக்கெல்லாம் ஈ.எஸ்.ஏ. என்று சொல்கிற மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் போக வேண்டும். உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரரின் வாகனத்திலும் மதிப்பீட்டுத் தாளிலும் உரிம இலக்கம் இருக்கும். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கோ.

சொரசொரப்பான சீலிங், லினோலியத்துக்குக் கீழே கிடக்கிற 9 அங்குல ஓடுகள், சுவர்ப் பலகை மூட்டுகளில் பூசின பசை, இவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். கனடா அதைப் பெரும்பாலும் தடைசெய்தது 2018இல்தான். அசைக்காமல் விட்டால் பெரிதாகத் தீங்கில்லை; உடைத்தால் தூசு நெஞ்சுக்குள் போகும். சின்னப்பிள்ளை இருக்கிற வீடு என்றீர்கள், ஆகவே ஒன்றையும் சுரண்டமுதல் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கோ.

அடுப்புக்கு மேலே காற்றை வடிகட்டித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிற விசிறி வேண்டாம். எண்ணெயும் ஈரமும் வீட்டிலேயே நிற்கும். வெளியே தள்ளுகிற விசிறியும், வளைவு குறைந்த 6 அங்குல வழுவழுப்பான தகரக் குழாயும் போடுங்கோ. அது வெளிச்சுவரைத் துளைக்கும், எனவே கொண்டோ நிர்வாக சபைக்கு எழுதும் கடிதத்தில் இதையும் சேருங்கோ. மிகவும் பலமான விசிறி ஆசைப்பட வேண்டாம்; காஸ் தண்ணிச் சூடாக்கி பழைய புகைபோக்கியோடு இருந்தால், விசிறி இழுக்கிற இழுவையில் காபனோரொட்சைட் என்கிற நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பலாம்.

காசு விசயம். 13 வீத வரியை மிச்சம்பிடிக்கப் போய் பற்றுச்சீட்டும் ஒப்பந்தமும் இல்லாமல் நின்றால், தண்ணி ஒழுகும் நாளில் உங்களிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. மதிப்பீட்டை ஒப்பந்தத்தில் எழுதிவித்தால், நீங்கள் புது வேலைக்குச் சம்மதித்தாலொழிய அதைவிட 10 வீதத்துக்கு மேல் அறவிட முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படி. ஒவ்வொரு தவணையிலும் 10 வீதத்தைப் பிடித்துவைத்து, வேலை முடிந்து 60 நாள் கழிந்து, வீட்டின் மேல் ஒருவரும் கடனுரிமை (வேலைக்கோ சாமானுக்கோ காசு கிடைக்காதவர் பதிகிற உரிமை) பதியவில்லை என்று சட்டத்தரணி பார்த்த பிறகு குடுங்கோ. நீங்கள் போடுகிற புதுக் கபேட்டையும் தரையையும் கொண்டோவின் காப்புறுதி மூடாது, உங்கள் சொந்தக் காப்புறுதியில் அந்தத் தொகையைக் கூட்டச் சொல்லுங்கோ.

இந்தக் கிழமை கொண்டோ முகாமையாளருக்கு மாற்ற வேலைக்கான படிவம் கேட்டு மின்னஞ்சல் போடுங்கோ. பதில் வருவதற்குள் மின் ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு கம்பி எது என்று பார்ப்பியுங்கோ. கபேட்டின் அளவை அதற்குப் பிறகு எடுக்கலாம். அவை வந்து சேரும்வரை பழைய குசினி நிற்கட்டும், பிள்ளைக்குச் சமைக்க வேணுமே.