பொன்னிழையும் சிறைவாசமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நீங்கள் கண்ட ‘சையன் கோப்’ என்ற இடைக்காலப் பொன்னிழைக் குருவாடையைப் பற்றிய கட்டுரையை வாசித்தேன். எங்கள் ஆலயத்தில் குருவானவரின் வெள்ளை அங்கியையும் தோளில் தொங்கும் ஸ்டோல் பட்டையையும் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை. சீர்திருத்தத்தில் பிறந்த ஆங்கிலிக்கன் சபைக்கு இந்தப் பொன்னாடைகள் உண்மையில் சொந்தமா? ஆராதனையில் இவை கண்ணை இழுக்குமே தவிர மனதை இழுக்காது என்றே எனக்குப் படுகிறது.

ஜே., நாசரேத்

அன்புள்ள ஜே.,

சொந்தமா என்ற உங்கள் கேள்வியை ஆங்கிலிக்கன் சபைகளின் தாய்ச்சபையான இங்கிலாந்துத் திருச்சபையே தனக்குள் பலமுறை கேட்டு, முரணான விடைகளைத் தந்திருக்கிறது. அதன் ஆராதனை முறைகளை வகுக்கும் 1549-இன் ஜெபப் புத்தகம் திருவிருந்தின்போது கோப் என்னும் அரைவட்டப் போர்வையங்கியை அணிய இடமளித்தது; 1552-இன் புத்தகம் அதை விலக்கியது; மன்னர் ஆறாம் எட்வர்டின் இரண்டாம் ஆட்சியாண்டில் இருந்த உடைகளும் பொருள்களும் தொடர வேண்டும் என்று 1559-இல் சேர்ந்த குறிப்போ 1662-இன் புத்தகத்திலும் நிலைத்தது. ஆயராக நியமிக்கப்பட்டும் ஆயர் உடையை உடுத்த மறுத்த ஜான் ஹூப்பர் 1551-இல் சிறைக்குப் போனார். தடைசெய்யப்பட்ட உடைகளையும் சடங்குகளையும் விட மறுத்து, நீதிமன்றத்துக்கும் பணியாத ஆர்தர் டூத் என்ற குருவானவர் 1877-இல் சிறைக்குப் போனார். உடுத்தாததற்கும் சிறை, உடுத்தியதற்கும் சிறை என்றிருந்த ஒரு சபைக்கு இந்த ஆடைகள் அந்நியமானவை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சையன் கோப் சீர்திருத்தத்துக்கு முந்தியது, 1310-க்கும் 1320-க்கும் இடைப்பட்டது என்பது உண்மைதான். ஆனால் அதே நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்டீப்பிள் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயக் கிராமத்தின் கோப்பை எரிக்காமல் வெட்டி, பலிபீடத்தின் முன்திரையாகவும் பின்திரையாகவும் தைத்துக்கொண்டார்கள். கத்தரி பட்ட அந்தத் துணிதான், முழுதாகப் பிழைத்ததைவிட, எனக்கு ஆங்கிலிக்கன் வரலாற்றை நெருக்கமாகச் சொல்கிறது.

கண்ணை இழுப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கனத்த ஜரிகைப் புடவை மடிப்பில் விறைத்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடைக்கால ஆங்கிலத் தையற்காரர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். பட்டுநூலின் மேல் மெல்லிய பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டைச் சுற்றிய இழையைத் துணியின் மேல் கிடத்துவார்கள். அடியிலிருந்து வரும் லினன் நூல் அந்த இழையை வளைத்துப் பிடித்து, வந்த துளை வழியாகவே இறங்கும்போது, பொன்னின் ஒரு சிறு கண்ணியையும் துணிக்கு அடியில் இழுத்துவிடும். கட்டிய நூல் மேலே தெரியாது. ஒவ்வொரு கண்ணியும் ஒரு கீலாக மடங்கும். சட்டத்தில் மாட்டி வைப்பதற்கென்றால் இவ்வளவு உழைப்பு வீண். குனிந்து நிமிர்ந்து நடக்கும் உடலின் மேல், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அசைவுக்கு அசைவு பொன் மின்னி மறைவதற்காகவே இது செய்யப்பட்டது என்று நினைக்கிறேன். நாம் கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது அதன் பாதியைத்தான்.

உங்கள் சந்தேகத்தில் நான் மறுக்காத பகுதி ஒன்று உண்டு. சையன் கோப்பின் ஓரத்தில் பிற்காலத்தில் சேர்த்துத் தைத்த பட்டைகளில் பிரபுக் குடும்பங்களின் கேடயச் சின்னங்கள் வரிசையாக நிற்கின்றன. அப்போஸ்தலர்களின் உருவங்களைச் சுற்றி அவை எதற்கு என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.